கண்ணுக்கே தெரியாமல் போகும் கண்: நம்ம ஊர் எழுதிய ஒரு பாடம்



இது நீளமான பதிவு. அவசரமாக இருந்தால் இப்போது படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். ஆனால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். கடைசியில் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது.

என் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்ட வருவாரே, அவர்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் நிலைப்படியில் இடித்துக்கொள்வதும், வாசலில் கிடக்கும் செம்பைத் தட்டிவிடுவதும் அடிக்கடி நடந்தது. "நிதானமே இல்லையேண்ணே உனக்கு" என்று நானும் மதினியும் சத்தம் போடுவோம். அவர் சிரித்துக்கொள்வார். கண்ணாடிக் கடை ஒன்றில் இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றினார். மூன்று தடவையும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்களே தவிர, கண்ணுக்குள் யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கம் வந்த பைக்கை அவர் பார்க்கவே இல்லை. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அதன் பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போனோம். கண்ணுக்கு மருந்து விட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, இடது கண்ணில் நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணில் பாதி இருக்கிறது என்றார்கள். கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க கூடப் பிறந்தவங்களாம்மா? நீங்களும் உட்காருங்க" என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தையால்தான் என் கண் தப்பியது. எனக்கும் ஆரம்ப நிலையில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஒரு சொட்டு மருந்து. இதோ, இந்தப் பதிவை நானே பார்த்து நானே தட்டச்சு செய்கிறேன்.

கணக்கு டீச்சரின் புத்தி சும்மா இருக்குமா? எப்படி ஒரு மனுஷனுக்குக் கண் போவது அவனுக்கே தெரியாமல் போகும் என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால் அது நம் தமிழ்நாட்டு வரலாறாகவே விரிந்தது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டே இருக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் அல்ல, வேறு. குழாயைத் திறந்தே வைத்துத் தொட்டியின் கழிவு வாயில் குப்பை அடைத்தால் என்ன ஆகும்? நீர் ஏறும். கண் மூடிய உருண்டை என்பதால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கண்ணின் பின்பக்கம் இருக்கும் பார்வை நரம்பை நசுக்கும். சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு கெடுகிறது. அதனால் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும்.

அந்த நரம்பில் பத்து முதல் பன்னிரண்டு லட்சம் இழைகள் இருக்கின்றன. கையில் வெட்டுப்பட்ட நரம்பு போல அவை மறுபடி வளராது. ஏனென்றால் பார்வை நரம்பு என்பது உண்மையில் மூளையின் ஒரு நீட்சி. கண்புரையில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்கலாம், பார்வை திரும்பும். இங்கே மாற்றி வைக்க எதுவும் இல்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாறு.

உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள்ளே எட்டிப் பார்க்க 1851 வரை வழியே கிடையாது. அந்த ஆண்டில்தான் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். ஆறு ஆண்டுகளில், 1857-இல், பெர்லினில் ஃபான் கிரேஃப என்ற மருத்துவர் இந்த நோயில் ஒரு வகைக்கு அறுவை சிகிச்சை முறையை வெளியிட்டார்.

அடுத்த பெரிய அடி சென்னை எழும்பூரில் வைக்கப்பட்டது. அங்கே இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1900-களின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ராணுவ மருத்துவர். கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழி ஓரமாக, மிகச் சிறிய வட்டத் துளை ஒன்றைப் போட்டு, தேங்கிய நீர் வடிய வழி செய்யும் முறையை 1909-இல் அவர் அங்கே செய்தார். அது எலியட் அறுவை சிகிச்சை என்று உலகமெங்கும் பரவியது. 1913-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அடைத்த தொட்டிக்கு வேறொரு வழி போட்டதுதான், வேறொன்றும் இல்லை. இன்று செய்யும் அறுவை சிகிச்சைகள் எவ்வளவோ நுட்பமாகிவிட்டன. ஆனாலும் அடிப்படை எண்ணம் அதேதான். எழும்பூர் வழியாக ரயிலில் எத்தனை தடவை போயிருக்கிறேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது.

இனி மதுரைக்கு வருவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமியின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். 1918-இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். ராணுவத்தில் வேலை பார்த்தபோது முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக நினைத்தவர் கண் மருத்துவம் படித்தார். கோணிய அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் பேருக்கு மேல் கண் அறுவை சிகிச்சை செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்றதும், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். நாம் ஓய்வு பெற்றபின் என்ன தொடங்கினோம்?

அவரோடு நின்றவர்கள் குடும்பத்தார். தங்கை டாக்டர் ஜி. நாச்சியார் கண்ணும் நரம்பும் சேரும் இடத்தைப் பற்றிய கண் நரம்பியலில் தேர்ந்தவர். அவருடைய கணவர் டாக்டர் பி. நம்பெருமாள்சாமி விழித்திரை மருத்துவர். 1992-இல் ஆரோலேப் தொடங்கி, கண்புரைக்கு வைக்கும் லென்ஸை மதுரையிலேயே மலிவாகச் செய்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மருத்துவமனையின் புகழ் அல்ல. ஊர் ஊராகப் போய் எண்ணினார்களே, அந்தக் கணக்கு.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 50 தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்து, 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரின் கண்களை முழுமையாகச் சோதித்தார்கள். அரவிந்த் விரிவான கண் ஆய்வு என்று அதற்குப் பெயர். டாக்டர் ஆர். ராமகிருஷ்ணன், டாக்டர் பிரவீன் நிர்மலன், டாக்டர் ஆர். கிருஷ்ணதாஸ், திரு. ஆர்.டி. துளசிராஜ் ஆகியோரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, இந்த நோய் பற்றிய பகுதியை 2003-இல் உலகப் புகழ்பெற்ற கண் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள்.

சிலேட்டை எடுங்கள். கணக்குக்கு வருவோம்.

5,150 பேரில் ஏதாவது ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தவர்கள் 2.6 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு 26 பேர். அதில் சத்தமில்லாமல் வரும் வகை, அண்ணனுக்கு வந்த வகை, 1.7 சதவீதம். எத்தனை பேர்? 86 பேர்.

அந்த 86 பேரில், தமக்கு இந்த நோய் இருப்பது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தவர்கள் வெறும் 18 பேர். மீதி 68 பேருக்குச் சோதனைக்கு வந்த அன்றுதான் தெரியும்.

இந்த நோயால் ஒரு கண்ணாவது முற்றிலும் பார்வையிழந்தவர்களும் 18 பேர். அவர்களில் 6 பேருக்கு இரண்டு கண்ணும், 12 பேருக்கு ஒரு கண்ணும் போயிருந்தது. இந்த 18 வேறு, முன்னே சொன்ன 18 வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த 86 பேரும் நம்ம பக்கத்து ஜனங்கள். கம்பங்காட்டிலும் கரிசல் காட்டிலும் வேலை செய்தவர்கள். எண்ணாகப் படிக்கும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் ஒருவராக அண்ணனை வைத்துப் பார்த்ததும் மேலே படிக்க முடியவில்லை.

நம் பக்கம் மட்டுமா இப்படி? இல்லை. சென்னை சங்கர நேத்ராலயாவின் டாக்டர் லிங்கம் விஜயா குழுவினர் வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் 3,924 பேரைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இதே வகை நோய் இருந்த 64 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அது முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 64-இல் 1!

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் தெரியவில்லை? கண்ணை விட்டு மூளைக்குப் போக வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை. வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேர் வலப்பக்கம் 7 செ.மீ. தள்ளி ஒரு பெரிய புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல அருகே கொண்டு வாருங்கள். சுமார் 25 செ.மீ. தூரம் வரும்போது புள்ளி மாயமாய் மறைந்துவிடும்! பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் பார்க்கும் உணர்விழைகள் கிடையாது. அது குருட்டுப் புள்ளி. ஆரோக்கியமான எல்லாக் கண்ணிலும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. புள்ளி மறைந்த இடத்தில் கறுப்பு ஓட்டை தெரிந்ததா? இல்லை. வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. சுற்றி வெள்ளையாக இருப்பதால் அங்கேயும் வெள்ளைதான் இருக்கும் என்று மூளை நிரப்பிக்கொண்டது. விடை தெரியாத பையன் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து நிரப்புவானே, அதே வேலை.

இதை ஆழமாக ஆராய்ந்தவர் ஒரு தமிழர். வி.எஸ். ராமச்சந்திரன். நம் டாக்டர் வெங்கடசாமி படித்த அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பின்பு அமெரிக்காவில் சான் டியேகோவில் மூளை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1991-இல் அவரும் ரிச்சர்ட் கிரெகரியும் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மினுமினுக்கும் புள்ளிகள் நிறைந்த திரையில், பார்வையின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். திரையின் ஒரே இடத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், சில நொடிகளில் சதுரம் காணாமல் போய், அந்த இடமும் மினுமினுப்பால் நிரம்பிவிடும். பார்வையில் ஒரு பொத்தல் விழுந்தால் மூளை அதைச் சும்மா விடாது, ஒட்டுப் போட்டுத் தைத்துவிடும் என்பதுதான் இதன் சாரம்.

நமக்கு உதவும் இந்தத் திறமைதான் இந்த நோயில் நமக்கு எதிரியாகிறது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்போது, ஒரு கண்ணில் இல்லாததை இன்னொரு கண் ஈடு செய்கிறது. இரண்டிலும் இல்லாததை மூளை ஒட்டுப் போடுகிறது. நேர்ப் பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடலாம். அண்ணன் மூன்று தடவையும் படித்தாரே!

லண்டனில் டேவிட் கிராப் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயுள்ள 50 பேரிடம் உங்களுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். சுற்றிலும் கறுப்பாகி நடுவில் மட்டும் தெரியும் படத்தை ஒருவர்கூடக் காட்டவில்லை. மங்கலாகத் தெரிகிறது என்றார்கள், சில பொருள்கள் காணாமல் போகின்றன என்றார்கள். கால் பங்குப் பேர் ஒரு குறையும் தெரியவில்லை என்றார்கள். நிலைப்படி இருந்த இடத்தில் அண்ணனுக்குக் கறுப்பு தெரியவில்லை. நிலைப்படியே இல்லாத சுவர் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் ஹாரி குவிக்லி குழுவினர் 1982-லேயே எச்சரித்தார்கள்: பார்வை நரம்பின் இழைகளில் 40 சதவீதம் வரை அழிந்த பிறகும், அந்தக் காலத்துப் பார்வைப் பரப்புச் சோதனையில் குறை தெரியாமல் இருக்கலாம். அழிவு கண்ணோடு நிற்பதும் இல்லை. கனடாவில் நீரு குப்தா, யெனி யூஜெல் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயால் பார்வை குறைந்திருந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்தார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தியை வாங்கும் இடைநிலையத்திலும், மூளையின் பின்பக்கம் பார்வைக்கான பகுதியிலும் சிதைவு இருந்தது. கம்பி அறுந்த பிறகு விளக்கும் துருப்பிடித்துப் போகிறது. இது கண் நோய் மட்டுமல்ல, நரம்பு நோயும் கூட என்று இப்போது பேசுவதற்கு இதுவெல்லாம்தான் காரணம்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நல்ல செய்தியும் கணக்காகவே இருக்கிறது. கண்ணில் அழுத்தம் கூடுதலாக இருந்து, நரம்பு இன்னும் கெடாத 1,636 பேரை அமெரிக்காவில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சொட்டு மருந்து, மற்றதைக் கண்காணிப்பு மட்டும். 2002-இல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டுகளில் மருந்து விடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. மருந்து விட்டவர்களில் 4.4 சதவீதம். ஒரு சொட்டு மருந்து ஆபத்தைப் பாதிக்கும் கீழே இறக்கியது.

இன்னொரு கணக்கு, உறவுகளே, இது உங்களுக்கு. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வு 1998-இல் வெளியானது. இந்த நோய் உள்ளவரின் உடன்பிறப்புக்கோ பிள்ளைக்கோ ஆயுளில் இது வரும் வாய்ப்பு, மற்றவர்களைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பா நினைவு வந்தது. 1986-இல் எங்கள் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். நான்தான் வரிசையை ஒழுங்குபடுத்தி, பெயர் எழுதிக்கொடுத்தேன். அப்பாவையும் வரச் சொன்னேன். "எனக்கென்னத்தா, ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது. தெரியாதவங்களுக்கு வழிய விடு" என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். வயசானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். அப்பாவுக்கும் இதுவேதான் இருந்ததா என்று இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஊரார் பெயரெல்லாம் எழுதிய என் நோட்டில் அப்பா பெயர் இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இனி வீட்டுப்பாடம்.

ஒன்று. 40 வயது தாண்டிய எல்லோரும், நன்றாகத் தெரிகிறது என்பவர்களும், கண் மருத்துவரிடம் ஒரு தடவை முழுச் சோதனை செய்யுங்கள். கண்ணாடிக் கடைச் சோதனை இதற்குப் போதாது. கண் அழுத்தம் பார்க்க வேண்டும், மருந்து விட்டுப் பார்வை நரம்பைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் பார்வைப் பரப்புச் சோதனையும் செய்வார்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் நாற்பது வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு. கண் சிவந்தால் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மூன்று. திடீரென்று கண்ணில் கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், இவை சேர்ந்து வந்தால் அது இதே நோயின் இன்னொரு வகையாக இருக்கலாம். தலைவலி மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான்கு. மருந்து கொடுத்தால் நிறுத்தாதீர்கள். விட்டதும் பார்வை கூடாது, அதனால் பயனில்லை என்று தோன்றும். இருப்பது குறையாமல் நிற்பதுதான் அதன் பயன்.

அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவனும் நடுவுள்ளவளும் பார்த்துவிட்டார்கள். துபாயில் இருக்கும் கடைக்குட்டி, "லீவுக்கு வரும்போது பாக்குறேன் அத்தை" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அடேய், இந்தப் பதிவு முழுக்க உனக்காகத்தான் எழுதினேன். உன் தாத்தாவை விட்டது போல உன்னை விட மாட்டேன்.

பிள்ளைகளே, பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டேன். கண் பார்த்து முடித்தவர்கள் கீழே வந்து "உள்ளேன் டீச்சர்" என்று போடுங்கள். பார்க்காதவர்கள் போடக்கூடாது. பொய் சொன்னால் எனக்குத் தெரியும், எப்போதும் தெரிந்ததுதானே!

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
திருமங்கலம்.